வெள்ளை நூல் அந்தூரியம்

யட்டவத்த
28.01.2024

அன்பு மகள் அஸ்ராவுக்கு மாமி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதுகிறேன். மாமா கட்டிலில்தான். வலது கையும் காலும் இன்னும் அசையவில்லை, பேச்சும் திரும்பவில்லை. மகன் மவுத்தாகி நம்மை விட்டுப் போனது அவருக்கு விளங்கியதா இல்லையா என்று எனக்கே தெரியாது. நீ சுகமா? சாப்பிடுகிறாயா? உன் உம்மா ஸில்மியாவிடம் கேட்டால் "நல்லாச் சாப்பிடுறா" என்றுதான் சொல்லுவாள். அதனால் உன்னிடமே கேட்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் நடந்தது உனக்கே தெரியும். நீ "மாமி" என்றாய், நான் "மகள்" என்றேன், அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுது போனில் போட்ட ரீலோட் காசு முடிந்துபோனது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். தம்பி பஸ்லி மிளகு ஏற்றிக்கொண்டு மாத்தளைக்குப் போகும்போது அலுவிகாரை வரைக்கும் வந்து உங்கள் வாசலில் தருவான். "நான் என்ன தபால்காரனா, ராத்தா?" என்று கத்தினான். ஆனாலும் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

நீ புருஷனை இழந்து வீட்டோடு இத்தாவில் இருக்கும்போது நான் வந்து உன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். மாமாவைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் இல்லை என்று எல்லாரிடமும் சொல்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. என் மகன் இன்ஷாப் உன்னைக் கல்யாணம் முடித்த நாளிலிருந்து உங்கள் வீட்டில்தானே இருந்தான். நான் கதவைத் தட்டினால் அவன்தான் வந்து திறப்பான். இனி நான் தட்டினால் யார் திறப்பார்கள்? அதை நினைத்தால் கால் எழும்பமாட்டேன் என்கிறது.

நாலு சுவருக்குள் சும்மா இருந்தால் தலை கெட்டுப்போகும். நீ கொக்கி ஊசியால் ரேந்தை பின்னுவாயே, அதைச் செய். நூல் அனுப்பியிருக்கிறேன். அல்லாஹ் உனக்குத் தாங்கிக்கொள்ளும் சபூரைத் தரட்டும்.

மாமி ஜெஸீமா


அலுவிகாரை
11.02.2024

அன்புள்ள மாமிக்கு, வஅலைக்கும் ஸலாம்.

காலையில்தான் ஒன்றும் இறங்குவதில்லை. பகலைக்குக் கொஞ்சம் சாப்பிடுகிறேன். மாமாவுக்கு என் ஸலாம் சொல்லுங்கள். விளங்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நூல் கிடைத்தது. மாமி, எல்லாமே வெள்ளை! உம்மா பையைத் திறந்து பார்த்து, "இதென்ன புள்ள, மவுத்துக்குச் சுத்துற கபனுக்கா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். இத்தாவில் இருக்கிறவள் வெள்ளை உடுக்க வேண்டும் என்றால் நூலும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று நினைத்தீர்களா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு முதல் தடவை. சிரித்ததற்காகப் பிறகு அழுதேன், அது வேறு.

வெள்ளையில் என்ன பூ இருக்கிறது என்று யோசித்து அந்தூரியம் பின்னினேன். சின்னச் சட்டி, அதற்குள் ஒரு பூ, இரண்டு இலை. நடுவில் நிற்கிற திரிக்கு மட்டும் பழைய ஸ்வெட்டர் ஒன்றில் மஞ்சள் நூல் பிரித்தேன். இலையும் சட்டியும் வெள்ளைதான், வேறு வழியில்லை. பனி கொட்டுகிற ஊரில் முளைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத்தான் அனுப்புகிறேன்.

உங்கள் துஆவில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அஸ்ரா


யட்டவத்த
20.02.2024

அன்பு மகளுக்கு ஸலாம். நாங்கள் இருவரும் இருக்கிறபடி இருக்கிறோம். காலையில் ஏன் இறங்குவதில்லை? இஞ்சித் தண்ணீர் குடி. கவலை வயிற்றில்தான் போய் நிற்கும்.

உன் பூவைப் பஸ்லி சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தான். நான் மூடியைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். மகள், அது எப்படி நிற்கிறது! இலை காம்போடு சேருகிற இடத்தில் ஒரு மடிப்பு வைத்திருக்கிறாயே, நிஜ அந்தூரியத்தில் அப்படித்தான் இருக்கும். அதை எங்கே பார்த்தாய்? திருப்பித் திருப்பித் தேடினேன், முடிச்சு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சட்டிக்கு விளிம்பு வேறு. அந்த விளிம்புக்கே உனக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம்.

மாமாவின் கட்டிலுக்கு நேரே ஜன்னலில் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இடது கையைத் தூக்கிக் காட்டினார். கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக்குக் கிட்ட வைத்து மணந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அஸ்ரா பின்னினது, மணக்காது" என்றேன். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பு, மகள். எனக்குத் தெரியும், எத்தனை வருஷமாக அந்த முகத்தைப் பார்க்கிறேன்.

பக்கத்து வீட்டு றுஸைனா பின்னேரம் வந்தவள், "ஐயோ, வாடப் போகுது" என்று கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றப் போனாள். நான் ஓடிப் பிடித்தேன்.

வெள்ளை நூல் விஷயம். பஸ்லியைப் பள்ளிவாசலுக்கு அனுப்பி மார்க்கம் தெரிந்த ஹஸ்ரத்திடம் கேட்கச் சொன்னேன். அவர், "ஒடம்புக்குத்தான் அலங்காரம் கூடாது, நூல் என்ன கலரா இருந்தா என்ன? ஒங்கட ராத்தாட்டச் சொல்லுங்க, வீட்டுப் பூனைக்கும் வெள்ளை அடிச்சுப்போட வேணாம்னு" என்றாராம். பஸ்லி சந்தியில் நின்று எல்லாருக்கும் சொல்லிச் சிரித்திருக்கிறான். வெட்கமாகப் போய்விட்டது. சிவப்பு, பச்சை, மண் நிறம் எல்லாம் இத்தோடு வருகிறது.

எனக்கும் அந்தச் சட்டி பின்னச் சொல்லிக்கொடு. எனக்குத் தொப்பி பின்னத் தெரியும். இன்ஷாப் தலையில் போட்டதெல்லாம் நான் பின்னியதுதானே.

மாமி


அலுவிகாரை
08.03.2024

அன்புள்ள மாமிக்கு ஸலாம். இங்கே எல்லாரும் சுகம். மாமா மணந்து பார்த்ததை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

தொப்பி தெரிந்தால் சட்டி தெரிந்த மாதிரித்தான், மாமி. சட்டியின் அடி, தொப்பியின் உச்சி. வளையத்துக்குள் ஆறு கண்ணி போடுங்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு. அதற்கடுத்த சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு. அதோடு கூட்டுவதை நிறுத்திவிடுங்கள். கூட்டாமல் சுற்றிக்கொண்டு போனால் தானாக எழும்பி நிற்கும். தலையணையிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்து உள்ளே அடையுங்கள். மேலே மண் நிறத்தில் ஒரு வட்டம் பின்னித் தைத்துவிட்டால் மண் போட்ட மாதிரி இருக்கும். காம்புக்குக் கம்பியில் பச்சை நூலைச் சுற்றுங்கள்.

நோன்பு வருகிறது. இந்தத் தடவை என்னால் எல்லாவற்றையும் பிடிக்க முடியுமோ தெரியவில்லை. உடம்பு கொஞ்சம் சரியில்லை. பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை.

சிவப்பு அந்தூரியம் ஒன்று வைத்திருக்கிறேன். மாமா இதையும் மணந்து பார்ப்பாரா?

அஸ்ரா


யட்டவத்த
13.04.2024

அன்பு மகளுக்கு ஸலாம். பெருநாள் வந்தது, போனது. பஸ்லி வட்டிலப்பம் கொண்டுவந்தான், மாமா இரண்டு கரண்டி சாப்பிட்டார். உன் உடம்பு எப்படி?

சிவப்புப் பூ வெள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறது. மாமா இதை மணக்கவில்லை, விரலால் தொட்டுப் பார்த்தார். பார்க்க வருகிற பெண்களெல்லாம் துக்கம் விசாரிக்க மையித்து வீட்டுக்கு வந்ததை மறந்துவிட்டு, "இதை யாரு செஞ்சது?" என்று கேட்கிறார்கள். "என்ட மருமகள்" என்று சொல்லும்போது கழுத்து தானாக நிமிர்கிறது.

நான் சட்டி பின்னினேன். நீ சொன்னபடிதான் தொடங்கினேன். ஆறு கண்ணி, பிறகு இரண்டு இரண்டு. பிறகு நிறுத்த வேண்டும் என்று புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்குக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. எடுத்துப் பார்த்தால் சட்டியில்லை. இன்ஷாபின் தலை அளவு. அன்றைக்கு ஊசியைத் தொடவில்லை. அடுத்த நாள் பிரித்தேன், திரும்பப் பின்னினேன். இப்போது சட்டி மாதிரித்தான் இருக்கிறது, கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது.

றுஸைனா வந்து, "அஸ்ரா இத்தாவோட த்ரீவீல்ல போறதக் கண்டாங்களாமே?" என்றாள். "ஒனக்குக் கண்ணு மட்டுந்தானா, சோலி ஒண்ணும் இல்லயா?" என்று கேட்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. சொன்னாள் என்பதற்காக எழுதினேன்.

இத்தா முடிந்ததும் நேரே இங்கே வா. எனக்கு உன்னை விட்டால் அவனுடையது என்று வேறு ஒன்றும் இல்லை.

மாமி


யட்டவத்த
05.06.2024

அன்பு மகளுக்கு ஸலாம். இங்கே நல்ல மழை. மாமாவுக்கு இருமல், மற்றப்படி சுகம். நீங்கள் எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது. போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை.

பூ மட்டும் இரண்டு தடவை வந்தது. முதலில் மஞ்சள், பிறகு ஊதா. ஊதாவைக் கையிலிருந்து இறக்கி வைக்கவே மனசு வரவில்லை, அவ்வளவு அழகு. ஆனால் பெட்டியின் அடியில் கையை விட்டுத் தேடினேன், தாள் ஒன்றும் இல்லை. பஸ்லியிடம் "புள்ள எப்படி இருக்கா?" என்று கேட்டேன். "இத்தாவுல இருக்கிறவள நான் எங்க பாக்குறது, கதவுக்குப் பின்னால இருந்து ஸலாம் மட்டுந்தான் கேட்டிச்சு" என்றான்.

இத்தாவின் நாலு மாசமும் பத்து நாளும் முடிந்துவிட்டன. அவனுடைய பழைய அறையைக் கழுவி, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருக்கிறேன். ஒரு கிழமை இருந்தாலும் போதும். மாமாவும் வாசலைப் பார்க்கிறார்.

மாமி


அலுவிகாரை
10.06.2024

அன்புள்ள மாமிக்கு ஸலாம். மாமாவின் இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள்.

இப்போது என்னால் வர முடியாது. கோபம் ஒன்றும் இல்லை, மாமி. நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. காரணம் மட்டும் கேட்காதீர்கள்.

மூன்று பூவோடு ஒரு சட்டி அனுப்புகிறேன்.

அஸ்ரா


யட்டவத்த
24.06.2024

அன்பு மகளுக்கு ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது. மாமாவுக்கு இருமல் குறைந்தது, நீ சொன்ன மருந்துதான். என் சுகத்தை இன்றைக்கு எழுதவில்லை.

மாத்தளையில் துணிக்கடை வைத்திருக்கிற ஸுஹைல் என்பவர் வீட்டிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தார்களாம். றுஸைனா மட்டும் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன், பஸ்லியும் கடைத்தெருவில் கேட்டிருக்கிறான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ ஏன் வரவில்லை, ஏன் எழுதவில்லை, எல்லாம்.

இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். பூக்களை ஜன்னலிலிருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். மாமா இடது கையால் கட்டில் சட்டத்தில் தட்டினார், திரும்ப எடுத்து வைக்கும்வரை விடவில்லை. எடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இவ்வளவு சோகத்தில் இருந்துகொண்டு ஒரு கண்ணியைக்கூட ஏனோதானோ என்று போடாத பிள்ளை நீ. உன் வயசென்ன, மகள்? இருபத்தாறு. என்னுடைய மகன் போய்விட்டான் என்பதற்காக நீயும் அவனோடு போக வேண்டுமா?

அதனால் சொல்கிறேன். நல்ல மனிதன் என்றால் கட்டிக்கொள். என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு ஒளியாதே. "மாமி ஒத்துக்கொண்டார்" என்று உன் வாப்பாவிடமும் சொல். ஊரில் யாராவது வாயைத் திறந்தால் என்னிடம் அனுப்பு.

ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகும் எப்போதாவது ஒரு பூ அனுப்பு. அவ்வளவுதான்.

மாமி ஜெஸீமா


அலுவிகாரை
28.06.2024

என் மாமிக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு உம்மாவுக்குக்கூடக் காட்டவில்லை. இனியும் மறைத்தால் அல்லாஹ் என்னைப் பொறுக்கமாட்டான்.

என் இத்தா இன்னும் முடியவில்லை, மாமி. பிள்ளை வயிற்றில் இருக்கிறவளுக்கு அது பிறக்கும்வரை இத்தாதானே. புரட்டாதி மாதத்தில் பிறக்கும் என்று டாக்டர் சொல்கிறார். த்ரீவீலில் போனது கிளினிக்குக்கு.

உங்கள் மகனுக்கும் தெரியாது. அவர் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. முன்பு இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போனபோது நீங்கள் எப்படி ஆனீர்கள் என்று நான் பார்த்தேன். இரண்டாவது தடவை நீங்கள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தீர்கள். இந்தத் தடவையும் சொல்லி, அதுவும் இல்லாமல் போனால் மகனை அடக்கம் செய்த உங்களால் தாங்க முடியுமா என்று உம்மாவையும் வாப்பாவையும் வாயைத் திறக்க வேண்டாம் என்றேன். ஏழாம் மாதம் முடிந்தால் சொல்லலாம் என்று நினைத்தேன். "எல்லாம் சுகம்" என்று எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. அதனால்தான் பூவை மட்டும் அனுப்பினேன்.

ஸுஹைல் வீட்டார் வந்தது உண்மை. "இத்தாவுல இருக்கிற புள்ளயக் கேட்டு வாறீங்களே, மார்க்கம் தெரியாதா?" என்று வாப்பா முற்றத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்போது எனக்கு வேறு பயம். இனி நீங்கள் எழுதினால் பிள்ளையைத்தானே விசாரிப்பீர்கள்?

அஸ்ரா


யட்டவத்த
29.06.2024

மகள், ஸலாம். பஸ்லி வண்டியை நிறுத்திக்கொண்டு வாசலில் கத்துகிறான், அதனால் சுருக்கமாக.

உன் கால் வீங்குகிறதா? இராத்திரியில் தூக்கம் வருகிறதா? முதுகு வலிக்கிறதா? என்ன சாப்பிட ஆசை? மறைக்காமல் சொல்.

வயிற்றில் இருப்பதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அது அல்லாஹ்வின் பொறுப்பு. என் பொறுப்பு நீ.

வெள்ளிக்கிழமை வருகிறேன். மாமாவைப் பஸ்லியின் மனைவி பார்த்துக்கொள்வாள். கதவை நீயே வந்து திறக்க வேண்டும்.

மாமி


அலுவிகாரை
02.11.2024

அன்புள்ள மாமிக்கு ஸலாம். நானும் சுகம், உங்கள் பேத்தியும் சுகம். பிள்ளைக்கு நாற்பது நாள் முடியும்வரை கூடவே இருந்துவிட்டு நீங்கள் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உங்களைப் போல அவளைக் குளிப்பாட்ட இங்கே யாருக்கும் தெரியவில்லை. உம்மாவின் கையில் வழுக்குகிறாள், "இதென்ன புள்ள, விரால் மீனா?" என்று உம்மா ஏசுகிறார். நெற்றி அவருடையது என்று நீங்கள் சொன்னீர்கள். மூக்கு உங்களுடையது என்று நான் சொல்கிறேன், நீங்கள்தான் ஒத்துக்கொள்வதில்லை.

உம்மா சமையலையும் பிள்ளையையும் பார்ப்பதால் கைக்குக் கொஞ்சம் ஓய்வு. ரோசாப் பூ ஒன்று பின்னிப் பார்க்கிறேன், இதழ் சுருள மாட்டேன் என்கிறது. உங்கள் கைக்கு வருமோ என்னவோ.

ஸுஹைல் வீட்டார் திரும்பவும் வந்தார்கள், இந்தத் தடவை முறையாக. அவருடைய மனைவி பிள்ளையில்லாமல் காலமானவராம். பிள்ளையோடு என்னை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். வாப்பா என் விருப்பத்தைக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் கடைசிவரை உங்கள் மருமகளாகவே இருந்துவிடுகிறேன், மாமி. பேத்தியையும் உங்களிடமிருந்து யாரும் கொண்டுபோக முடியாது. இதைக் கேட்டு நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று உடனே எழுதுகிறேன்.

அஸ்ரா


யட்டவத்த
09.11.2024

அன்பு மகள் அஸ்ராவுக்கு ஸலாம். உன் சுகமும் சின்னவளின் சுகமும் அறிந்து அல்ஹம்துலில்லாஹ். மாமாவுக்குப் பேத்தியின் படத்தைப் போனில் காட்டினேன். போனைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறார்.

சந்தோஷப்படுவேன் என்று எழுதியிருக்கிறாய். பட்டேன். பொய் சொல்லமாட்டேன். அந்த வரியை வாசித்ததும் குசினிக்குள் போய் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அன்றைக்குச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

கட்டிக்கொள் என்று நான் எழுதியபோது என்னிடம் பறிபோவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கையில் ஒன்றும் இல்லாதவள் "எடுத்துக்கொள்" என்று சொல்வது பெரிய காரியமா? இப்போது இருக்கிறது. அவளுடைய நெற்றி இருக்கிறது. அதனால் அந்த வார்த்தையை மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். யாருக்கும் தெரியாது, நீயே வேண்டாம் என்று சொல்லிவிட்டாய், நான் பேசாமல் இருந்தால் போதும்.

பேசாமல் இருக்க முடியவில்லை, மகள். நீ எனக்காக ஒன்றை அந்த நேரத்தில் மறைத்தாய். தனியாகச் சுமந்தாய், தனியாகப் பயந்தாய். இப்போது எனக்காக இன்னொன்றைச் செய்யப் பார்க்கிறாய். ஒரு தடவை போதும். உன் மனசுக்கு ஸுஹைலைப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல், நான் உன் பக்கம். யாரையுமே வேண்டாம் என்றாலும் உன் பக்கம். "மாமிக்காக" என்றால் மட்டும் அந்தக் காரணத்தை நான் எடுக்கவில்லை. அதை உன் வாப்பாவிடமும் போய்ச் சொல். எழுதத் தெரியாத கையால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை எழுதுகிறேன், இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

அவசரமில்லை. பிள்ளையை நன்றாகப் போர்த்திக்கொண்டு முதலில் இங்கே வா, நிறைய நாள் இருந்து யோசி. ஸுஹைலோ வேறு யாரோ, மனசு சாய்ந்தால் அந்த மனிதனையும் உன் வாப்பாவோடு இங்கே வரச் சொல். மாமாவுக்கு முன்னால் கதிரையில் உட்காரட்டும். அவருக்குப் பேச்சுத்தான் வராது. ஆள் சரியில்லை என்றால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ள நன்றாகவே தெரியும்.

மாமி ஜெஸீமா